வேம்பு யாருடைய பெட்டியையும் திறக்க மாட்டாள்

வேம்புவுக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். ஒரு ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள்களை வாங்கி வைக்கும் அறையில் வேலை. குள்ளமான உருவம், அகலமான தோள், உச்சந்தலையில் பெரிய கொண்டை, கொண்டையில் செருகிய பென்சில், இடுப்பில் சாவிக்கொத்து. நான் வரையும் காமிக்ஸின் நாயகி அவள். வரைவது என் தொழில் இல்லை. வேலை முடிந்த பிறகு கிடைக்கிற நேரத்தில் வரைகிறேன். ஆனாலும் அந்த நேரம் முழுக்க அவளோடுதான் போகிறது. பல வருஷம் பழகிய ஒருத்தரைப் போல அவளை எனக்குத் தெரியும். அந்தப் பழக்கம் எப்படி வந்தது, அதற்கு எது உதவியது என்பதைச் சொந்தமாக ஒரு பாத்திரம் உருவாக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வேம்புவை நான் நாயகியாக யோசிக்கவே இல்லை. எதையாவது எங்காவது மறந்து வைத்துவிடும் கதிர் என்கிற இளைஞனைப் பற்றித்தான் கதை போட்டேன். அவன் பையைத் தேடி ரயில் நிலையத்துக்கு வருகிறான். பையை எடுத்துக் கொடுக்க யாராவது ஓர் ஆள் வேண்டும், அதற்காக வந்தவள் வேம்பு. ஒரே ஒரு கட்டம். "தம்பி, உன் பையில என்ன இருந்துச்சுன்னு நீ சொல்லு. நான் திறந்து பாக்கலை" என்பது வசனம். அந்தக் கட்டத்தை முடித்த பிறகும் கை கதிரிடம் திரும்பவில்லை. ஓரத்தில், மேலே, தாளின் பின்பக்கம் என்று அவளையே வரைந்துகொண்டிருந்தேன்.

காமிக்ஸ் உலகில் இது அடிக்கடி நடப்பதுதான். எல்ஸி சீகர் என்ற அமெரிக்க ஓவியர் 1919இல் ஒரு செய்தித்தாள் தொடரை ஆரம்பித்தார். 1929 ஜனவரியில், கதைக்குக் கப்பல் ஓட்ட ஓர் ஆள் தேவைப்பட்டபோது ஒரு மாலுமியைக் கொண்டுவந்தார். அந்த மாலுமிதான் பாப்பாய். அதுவரை ஒன்பது வருஷத்துக்கு மேலாகத் தொடரைச் சுமந்தவர்களை எல்லாம் தாண்டி அவன் நாயகனானான், பிறகு தொடரின் பெயரிலேயே ஏறிக்கொண்டான். அதனால் புதுப் பாத்திரம் தேடுகிறவர்கள் வெள்ளைத்தாளை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்பேன். உங்கள் பழைய நோட்டுகளைப் புரட்டுங்கள். யாரும் கேட்காமலே உங்கள் கை யாரைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஆள் அங்கேயே இருப்பார்.

பாத்திரத்தை உருவாக்க நீளநீளமான கேள்விப் பட்டியல்கள் உண்டு. பிடித்த நிறம், பிறந்த நாள், ரத்த வகை, சின்ன வயதுப் பயம் என்று போய்க்கொண்டே இருக்கும். அவற்றை நிரப்புவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வேம்புவின் பிறந்த நாள் எனக்கு இன்றைக்கும் தெரியாது, அதனால் எந்தக் கட்டமும் நின்றுபோகவில்லை. கட்டத்துக்குள் தெரியாத விவரம் கதைக்கு வேலை செய்யாது. அவள் என்ன செய்வாள், முக்கியமாக எதைச் செய்யவே மாட்டாள் என்பது தெரிந்தால் போதும். வேம்பு அடுத்தவர் பெட்டியைத் திறக்க மாட்டாள். தூக்கிப் பார்ப்பாள், எடையை வைத்து ஊகிப்பாள், சீட்டு எழுதிக் கட்டுவாள், அலமாரியில் வைப்பாள். அந்த ஒரு விதி எத்தனையோ கதைகளைக் கொடுத்துவிட்டது.

இந்தக் குணங்களை எங்கிருந்து எடுப்பது? எனக்கு ஒத்துவந்த முறை இது. ஒன்றை உங்களிடமிருந்து எடுங்கள். இன்னொன்றை நீங்கள் பொறாமைப்படும் ஒருவரிடமிருந்து எடுங்கள். மூன்றாவது, உங்களுக்குப் புரியாத ஒன்றாக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைக்கும் பழக்கம் என்னுடையது. யார் கத்தினாலும் குரலை உயர்த்தாத நிதானத்தை, நான் மிகவும் மதிக்கும் ஒருவரிடமிருந்து எடுத்தேன். திறந்து பார்க்காமல் இருக்கிற அந்தக் குணம் மட்டும் எனக்குச் சுத்தமாகப் புரியாதது, ஏனென்றால் நான் எதையும் திறந்து பார்த்துவிடும் ஆள். மூன்றில் முக்கியமானதும் அதுதான். முழுக்க உங்களைப் போலவே இருக்கும் பாத்திரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஒன்றும் மிச்சமிருக்காது, கொஞ்ச நாளில் அலுத்துவிடும். "இவள் ஏன் இப்படி இருக்கிறாள்?" என்ற கேள்விதான் என்னைத் திரும்பத் திரும்ப வரைய உட்கார வைக்கிறது.

சரி, வரைவதற்கு வருவோம். முகத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது புருவத்துக்குத்தான். வேம்புவின் கண்கள் இரண்டு புள்ளிகள், அவ்வளவுதான். மூக்கு ஒரு வளைவு. அவளுடைய பேச்சு முழுக்கப் புருவத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரொடோல்ஃப் டோப்ஃபர், படக்கதையின் முன்னோடிகளில் ஒருவர். எவ்வளவு அரைகுறையாக வரைந்த முகமானாலும் அதில் ஒரு குணம் தெரிந்தே தீரும் என்று 1845இலேயே எழுதிவைத்தார். ஒரு முகத்தை வரைந்து, அதில் ஒரு கோட்டை மட்டும் மாற்றி, குணம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்பது அவர் வழி. பயிற்சி பெறாத என்னைப் போன்றவர்களுக்கு இதைவிடத் தெம்பு தரும் செய்தி கிடையாது. செய்து பாருங்கள். ஒரே முகத்தை ஒரு தாள் முழுக்க வரைந்து, புருவத்தை மட்டும் மாற்றுங்கள். உள்முனையைச் சற்றே தூக்கினால் கவலை. இறக்கினால் கோபம். ஒன்றை மட்டும் தூக்கினால் சந்தேகம். இரண்டையும் கண்ணிலிருந்து தள்ளி மேலே வைத்தால் வியப்பு. இப்படி வரைந்துகொண்டே போகும்போது ஒரு முகத்தைப் பார்த்து, "இது அவள் இல்லை" என்று உங்களுக்கே தோன்றும். அந்த முகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் தகவல்தான். வேம்புவுக்கு அகலமான சிரிப்பு பொருந்தாது என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் கீழுதடு கொஞ்சம் முன்னால் வரும், புருவம் தளரும். சந்தோஷத்தையும் அடக்கி வைப்பவள் என்று அந்தத் தாளில்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது உடம்பு. வளர்ந்த மனிதரின் உயரம் அவர் தலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய ஏழரை மடங்கு, அதாவது ஏழரைத் தலை என்று ஓவியம் சொல்லித் தருபவர்கள் கணக்கு வைப்பார்கள். காமிக்ஸில் அந்தக் கணக்கை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம், ஆனால் மாற்றியதை எல்லாக் கட்டத்திலும் காப்பாற்ற வேண்டும். வேம்பு மூன்றரைத் தலை, கொண்டை தனி. இதற்காக ஒரு மாடல் ஷீட் வைத்திருக்கிறேன். முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, முதுகுப்பக்கம் என நான்கு உருவங்களை ஒரே வரிசையில் நிற்க வைத்து, கண், தோள், இடுப்பு, முழங்கால் ஒவ்வொன்றின் மட்டத்திலும் குறுக்காக ஒரு கோடு இழுத்திருக்கிறேன். பக்கத்திலேயே கதிரும் நிற்கிறான். அவள் அவனுடைய மார்பு உயரம். இருவரும் வருகிற கட்டத்தை வரையும்போது அந்தத் தாள் இல்லாமல் உட்கார மாட்டேன்.

மாடல் ஷீட்டை வரைந்ததோடு நிறுத்தாமல், உருவம் முழுக்கக் கருப்பு மை பூசிப் பாருங்கள். உள்ளே ஒரு கோடும் தெரியக்கூடாது. அப்போதும் அது யாரென்று தெரிகிறதா? வேம்புவுக்குக் கொண்டையும் பென்சிலும் அதற்குத்தான். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக, கூட்டத்தின் நடுவே வரைந்தாலும் அவள் தனியாகத் தெரிகிறாள். இதில் ஒரு நல்ல ஏமாற்று வேலையும் உண்டு. மிக்கி மவுஸின் காதுகளைக் கவனித்திருப்பீர்கள், தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை இரண்டு வட்டங்களாகத்தான் தெரியும். நிஜத்தில் அப்படி நடக்காது, ஆனாலும் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு, வேம்பு எந்தப் பக்கம் திரும்பினாலும் பென்சில் கொண்டையின் வலது மேல் மூலையிலேயே நீட்டிக்கொண்டிருக்கட்டும் என்று முடிவு செய்தேன். கோணக் கணக்குப்படி அது தப்பு, பார்க்கிற கண்ணுக்கு அதுதான் சரி.

உருவம் நாளாக ஆக மாறும். அதற்காகப் பதற வேண்டியதில்லை. சார்ல்ஸ் ஷுல்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1950 முதல் 2000 வரை, உதவியாளர் இல்லாமல், 'பீனட்ஸ்' என்ற செய்தித்தாள் தொடருக்காக 17,897 ஸ்ட்ரிப்கள் (சில கட்டங்களில் முடியும் குட்டிப் படக்கதைகள்) வரைந்தார். அதில் வரும் ஸ்னூப்பி ஆரம்பத்தில் நாலு காலில் நடக்கும் சாதாரண நாய்க்குட்டி, நிமிர்ந்து நடக்க ஆரம்பித்ததெல்லாம் பின்னால்தான். வேம்புவுக்கும் முதலில் கழுத்து இருந்தது. வரைய வரையத் தோள் மேலே ஏறி, கழுத்து காணாமல் போய்விட்டது. வருஷக்கணக்காகப் பெட்டிகளைத் தூக்கியவளுக்குத் தோள் அப்படித்தான் இருக்கும் என்று அப்புறம் எனக்கும் பட்டது. கை கண்டுபிடித்ததை மாடல் ஷீட்டிலும் ஏற்றினேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பாத்திரத்தோடு நெருக்கம் வருவது அழகாக நிற்க வைத்து வரையும் படங்களால் அல்ல. அவளுக்கு வேலை கொடுங்கள். குனிந்து கனமான பெட்டியைத் தூக்கட்டும், எட்டாத அலமாரிக்கு முக்காலி போட்டு ஏறட்டும், நாற்காலியில் தூங்கி வழியட்டும், மழையில் நனைந்து உள்ளே வரட்டும். ஒவ்வொன்றிலும் நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். முக்காலியில் எந்தக் காலை முதலில் வைப்பாள்? தூங்கும்போது சாவிக்கொத்தைக் கையில் பிடித்திருப்பாளா, இடுப்பிலேயே விடுவாளா? நனைந்தால் முதலில் முகத்தைத் துடைப்பாளா, மேசையிலிருக்கும் பதிவேட்டைத் துடைப்பாளா? பதிவேட்டைத்தான். பென்சில் முனை தாளைத் தொடும்வரை அந்தப் பதில் எனக்கே தெரியாது.

"என் பாத்திரம் சொன்னபடி கேட்கவில்லை" என்று கதை எழுதுகிறவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது நடந்த இடம் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு சிறிய தகரப் பெட்டி அந்த அறைக்கு வருகிறது. யாரும் தேடி வரவில்லை. கதைப்படி நாலாவது கட்டத்தில் வேம்பு அதைத் திறக்க வேண்டும், உள்ளே ஒரு பழைய கடிதம் இருக்கும், அங்கிருந்து கதை ஓடும். மூன்றாவது கட்டம் வரை சுலபமாக வந்தது. நாலாவதில் பெட்டி மேசைமேல் இருக்கிறது, மூடியைத் தூக்கும் கையை வரைய வேண்டும். வரைந்தால் கை மூடிமேல் தட்டையாகப் படுத்துக்கொண்டது. விரல்கள் விரிந்து, உள்ளங்கை கீழே பார்த்து, மூடியை அழுத்திப் பிடிப்பது போல. அழித்து வரைந்தேன், மறுபடியும் அதே கை. பழைய பக்கங்களை எடுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஆரம்பத்திலிருந்தே எந்தப் பொருளைத் தொட்டாலும் அவள் கையை அப்படித்தான் வைத்திருக்கிறாள், குழந்தை தலையில் கை வைப்பது போல. அந்தக் கை எதையும் பிடுங்கியதோ திறந்ததோ இல்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அதுவரை எடுத்த நூற்றுக்கணக்கான சின்ன முடிவுகள் கையில் தங்கி, புதிதாக வந்த ஒரு முடிவோடு மோதுகின்றன. எழுதி வைத்த குறிப்பை நாம் மறக்கலாம், கை மறப்பதில்லை. அப்படி மோதும்போது கையின் பக்கம் நிற்பதே நல்லது என்பது என் கருத்து. கதையை மாற்றினேன். வேம்பு பெட்டியைத் தூக்கிப் பார்க்கிறாள், கீழே வைக்கிறாள், கொண்டையிலிருந்து பென்சிலை உருவிச் சீட்டு எழுதுகிறாள்: "உள்ளே ஏதோ இருக்கிறது. உரியவருக்குத் தெரியும்." கடிதக் கதையைவிட இது பல மடங்கு நல்ல கதை. அன்றைக்குத்தான் அவள் எனக்கு நெருக்கமானாள் என்று சொல்லலாம். அவள் ஏன் திறப்பதில்லை என்பதற்கான பதில் அந்தச் சீட்டிலேயே இருந்தது.

பேச்சைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழில் காமிக்ஸ் வரைகிறவர்களுக்கு பேச்சு பலூன் பெரிய சவால். நம் சொற்கள் நீளம். "கொண்டுவந்திருக்கிறார்களா" என்று ஒரு சொல் வந்தால் ஒல்லியான பலூனில் அது ஒரு வரிக்குள் அடங்காது, உடைத்தால் படிக்க இடறும். அதனால் வசனத்தை முதலில் எழுதி, கட்டத்தில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் உருவத்தை வரைகிறேன். வரைந்து முடித்துவிட்டு பலூனைத் திணித்தால் பாதிக் கொண்டை மறைந்துவிடும். சில வரையும் மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடைந்தும் வரும், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக நிற்கும். கையாலேயே எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, எழுத்தும் கோடும் ஒரே கையிலிருந்து வந்ததாகத் தெரியும். இந்த இட நெருக்கடி பாத்திரத்துக்கும் நல்லது செய்தது. வேம்பு குறைவாகப் பேசுகிறவளாக மாறினாள். "இருக்கு." "வரும்." "நாளைக்கு வா தம்பி." இவ்வளவுதான் அவள் பேச்சு. கதிர் வளவளவென்று பேசுவான், அவன் பலூன் கட்டத்தையே விழுங்கும். படத்தைப் பார்க்காமல் பலூனின் அளவை மட்டும் பார்த்தாலே யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். உங்கள் பாத்திரங்களின் வசனத்தைப் பெயர் இல்லாமல் தனித்தாளில் எழுதி, அது யாருடைய வசனம் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் குரல்களை இன்னும் பிரிக்க வேண்டியிருக்கிறது.

நெருக்கம் வந்த பிறகு ஒரு புதுச் சிக்கல் வரும். அவளுக்குக் கஷ்டம் கொடுக்க மனசு வராது. கதைகள் மென்மையாகிக்கொண்டே போகும், எல்லாப் பொருளும் உரியவரிடம் போய்ச் சேரும், வேம்பு கீழுதட்டை முன்னால் தள்ளுவாள். இதை உணர்ந்தபோது, அவளுடைய சாவிக்கொத்தே தொலைந்துபோகும் ஒரு கதையை எழுதினேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இடுப்பைத் தொடுகிறாள், காணோம். மறுநாள் காலை தன்னுடைய அறைக்கே வருகிறாள். முந்தைய ஷிஃப்ட் பார்த்தவர் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறார். வழக்கமாக அவள் கேட்கும் கேள்வியை அவர் கேட்கிறார்: "கொத்துல எத்தனை சாவிம்மா இருந்துச்சு?" அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாருடைய பொருளையும் எண்ணி எழுதி வைத்தவள் தன் கொத்தை எண்ணியதே இல்லை. அந்தக் கட்டத்தில் அவளைக் கவுண்டருக்கு வெளியே, கதிர் எப்போதும் நிற்கும் இடத்தில் வரைய வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவள் எவ்வளவு குள்ளம் என்று முதல்முறையாகத் தெரிகிறது. கண் மட்டம்தான் கவுண்டருக்கு மேலே இருக்கிறது. வரையும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அதைத் தாண்டித்தான் அவள் முழு மனுஷியானாள். உங்கள் பாத்திரத்துக்கு எது மிகவும் முக்கியமோ அதை ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள். அப்போது அவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்காமல் அவரை உங்களுக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது.

கருவிகளைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. HB பென்சில், 0.3, 0.5 மி.மீ. ஃபைன்லைனர் (மெல்லிய முனைப் பேனா), நிழலுக்கு ஒரு பிரஷ் பேனா. டேப்லெட்டில் வரைகிறவர்களுக்குக் கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தாளில் வரைந்ததை ஸ்கேன் செய்யும்போது கருப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வையுங்கள், பின்னால் அச்சிடத் தோன்றினால் கோடு பிசிறடிக்காது. அவ்வப்போது படத்தைக் கண்ணாடியில் காட்டியோ திரையில் இடம்வலம் திருப்பியோ பாருங்கள். சாய்ந்த கண்ணும் கோணல் தாடையும் உடனே பிடிபடும்.

மற்றவர்களிடம் காட்டும்போது, "பிடிச்சிருக்கா?" என்று நான் கேட்பதில்லை. "இவங்க எப்படிப்பட்ட ஆள்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பேன். "கண்டிப்பான ஆள் மாதிரி தெரியுது, ஆனா திட்ட மாட்டாங்க" என்று ஒருவர் சொன்னார். புருவம் தன் வேலையைச் செய்கிறது என்று தெரிந்தது. பாத்திரத்தை யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து பெட்டிக்குள் பூட்டி வைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளில் படைப்புக்கான பதிப்புரிமை, நீங்கள் வரைந்த கணத்திலேயே உங்களுக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. 'குறைவாகப் பேசும் முதிய பெண்' என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை, நீங்கள் வரைந்த வேம்பு உங்களுக்குச் சொந்தம். தேதி போட்ட பழைய ஸ்கெட்ச்களைப் பத்திரமாக வையுங்கள்.

வேலை, குடும்பம் என்று இடைவெளி விழத்தான் செய்யும். மாதக்கணக்கில் வரையாமல் திரும்பி வரும்போது கையில் அவள் இருக்க மாட்டாள், மூக்கு தப்பாக வரும், தோள் இறங்கியிருக்கும். அப்போது புதுக் கதையை ஆரம்பிக்க வேண்டாம். நான் அவள் கைகளிலிருந்து தொடங்குவேன். சீட்டுக் கட்டும் கை, சாவி தேடும் கை, பென்சிலை உருவும் கை என்று ஒரு பக்கம். பிறகு புருவம் ஒரு பக்கம். பழைய கதையிலிருந்து ஒரு கட்டத்தை அப்படியே பார்த்து வரைந்து, அடுத்து பார்க்காமல் வரைந்து, இரண்டையும் ஒப்பிடுவேன். ஒரு வாரத்துக்குள் தோள் பழைய இடத்துக்கு ஏறிவிடும். அதற்குப் பிறகு கதையைத் தொடுங்கள். இப்போது நான் வரைந்துகொண்டிருப்பது, அந்தத் தகரப் பெட்டியைத் தேடி ஒருவர் வருகிற கதை. அவர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை, வேம்பு அவரிடம் என்ன கேட்பாள் என்பது மட்டும் தெரியும்.